யாழ்ப்பாணத்திலிருந்து காட்டு மலையுச்சிகளுக்கு: ஆளரவமற்ற பாதையில் ஏறி இறங்கும் முறை

சுண்ணாம்புக்கல் தட்டையாகப் பரந்து கிடக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனையின் வட்டுக்கு மேலே அண்ணாந்து பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் வருவதில்லை. ஆகவே, பருவகாலத்தில் ஒரு முறை சிவனொளிபாதமலைக்கு ஏறி வந்துவிட்டால் எந்த மலையிலும் ஏறிவிடலாம் என்ற எண்ணம் நம்மவரிடையே எளிதாக உண்டாகிவிடுகிறது. அங்கே படிக்கட்டும் மின்விளக்கும் தேநீர்க்கடையும் முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான அடியார்களும் உள்ளனர். வழி தவறவே முடியாது. காடு மூடிய, பெயர் அதிகம் பேசப்படாத உச்சிகளில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அத்தகைய இடங்களில் கால் வலிமையைவிட, ஏறிய தடத்தைத் தவறவிடாமல் அதே தடத்தில் பகல் வெளிச்சத்திலேயே இறங்கி வருவதுதான் கடினமானது. இக்குறிப்பில் சொல்லப்படும் ஆயத்தங்கள் யாவும் அந்த இறக்கத்தை மனதிற் கொண்டே சொல்லப்படுகின்றன.

எந்த உச்சி, யாருடைய அனுமதி

முதலாவதாகத் தீர்க்க வேண்டியது அனுமதி பற்றிய கேள்வியாகும். இலங்கையின் காட்டு மலைகளிற் பெரும்பாலானவை வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழோ வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழோ உள்ளன. அடிவாரம் தேயிலைத் தோட்டமாக இருந்தால் தோட்ட நிருவாகத்தின் இசைவும் தேவைப்படும். சமூக ஊடகத்தில் ஒருவர் உச்சியில் நின்று படம் போட்டிருக்கிறார் என்பது அந்த இடத்துக்குப் போகலாம் என்பதற்குச் சான்றாகாது.

இதற்கு நல்ல உதாரணம் ரிட்டிகல. ஏ9 வீதியில் தெற்கே சென்று மரதன்கடவலையில் ஹபரணை வீதிக்குத் திரும்பினால், ஹபரணைக்குச் சற்று முன்னதாக அதற்கான கிளைவீதி பிரிகிறது. 766 மீற்றர் உயரமுள்ள இம்மலை வடமத்திய சமவெளியில் தனித்து எழுந்து நிற்பதால், யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவோர் வழியில் முதலாவதாகக் காணும் பெரிய மலை இதுவே எனலாம். அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையின் ஒரு துண்டு விழுந்த இடம் என்ற கதையும் இதற்கு உண்டு. அடிவாரம் வறண்ட வலயக் காடாக இருக்க, முகில் தொடும் உச்சியில் ஈரவலயத்துக்குரிய தாவரங்கள் வளர்கின்றன. கதையில் வரும் மூலிகைக்கும் இந்த வேறுபாட்டுக்கும் தொடர்பிருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் 1941 ஆம் ஆண்டு முதல் இது கடுமையாகப் பாதுகாக்கப்பட்ட இயற்கை ஒதுக்கமாகும். பண்டா பொக்குண என்னும் பெரிய குளம், கல் பாவிய நடைபாதை, துறவிகளின் இரட்டை மேடைகள் ஆகிய இடிபாடுகள் வரை சாதாரணப் பார்வையாளர் நுழைவுச்சீட்டுடன் செல்லலாம். அதற்கு மேலே உச்சிக்கு ஏற வனசீவராசிகள் திணைக்களத்தின் முன்னனுமதி வேண்டும். அது கிடைக்காவிட்டால் இடிபாடுகளோடு திரும்புவதே முறை. காட்டுப் பாதையில் நடந்து பழக அந்தக் கல்நடைபாதையே போதுமானது.

முதற் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவினுள் உள்ள தொட்டுபொல மலையாகும். 2,357 மீற்றர் உயரமுள்ள அது இலங்கையின் மூன்றாவது உயர்ந்த சிகரம். ஆயினும் பட்டிப்பொலப் பக்கத்து நுழைவாயிலிலிருந்து வரும் வீதியோரத்திலேயே பாதை தொடங்குவதால், குள்ளமரக் காட்டினூடாக ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உச்சியை அடைந்துவிடலாம். பெயருக்கும் உழைப்புக்கும் இவ்வளவு பொருத்தமில்லாத சிகரம் நாட்டில் வேறில்லை. பூங்காவுக்கு வருவோர் அனைவரும் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறை விளிம்பை நோக்கி விரைவதால் இங்கே சனநடமாட்டம் மிகக் குறைவு.

அதே பூங்காவில் உள்ள கிரிகல்பொத்த வேறு தரத்தைச் சேர்ந்தது. 2,388 மீற்றர் உயரத்துடன் இது நாட்டின் இரண்டாவது உயர்ந்த சிகரமாகும். முதலாவதான பிதுருதலாகலவின் உச்சி பாதுகாப்பு வலயமாக இருப்பதால், நடந்து ஏறக்கூடியவற்றுள் இதுவே மிக உயர்ந்தது. பார்வையாளர் நிலையத்துக்கு அருகிலிருந்து புறப்படும் தடம் ஒரு வழிக்கு மட்டும் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் நீளமானது. புறப்படும் இடமே 2,100 மீற்றருக்கு மேலே இருப்பதால் மொத்த ஏற்றம் பெரிதில்லை என்று கணக்குச் சொல்லும். ஆனால் தடம் புல்வெளியிலிருந்து காட்டுக்குள் இறங்கி, சேற்று நிலத்தையும் சிற்றோடைகளையும் கடந்து, திரும்பத் திரும்ப ஏறி இறங்கிய பின்னரே கடைசிப் பாறைச் சரிவுக்கு வருகிறது. திரும்பும் வழியிலும் அந்த மேடுகள் அத்தனையையும் மறுபடி ஏற வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வாயில் திறக்கும் வேளையிலேயே உள்ளே சென்று, அலுவலகத்தில் உங்கள் பெயர்களையும் போகும் இடத்தையும் அறிவித்துவிட்டு, ஒரு முழுப் பகலை இதற்கு ஒதுக்குங்கள்.

நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு யாழ்ப்பாணத்தவர் இரண்டு வாசல்களால் செல்லலாம். மாத்தளையிலிருந்து றிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து இல்லுக்கும்புரவுக்கு இறங்கும் வீதி ஒன்று. கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரிய சென்று, அங்கிருந்து டீன்ஸ்டன், கோபெட் கணவாய் வழியாக மீமுரே செல்லும் வீதி மற்றொன்று. முதலாவது வாசலில் மணிகல நல்ல தெரிவு. அத்தன்வல கிராமத்தின் வயல்களையும் தோட்டங்களையும் கடந்து காட்டுக்குள் நுழைந்து, இறுதியில் செங்குத்து விளிம்புடைய புல்மேட்டில் வெளிப்படும் பாதை அது. உச்சியில் காற்று பலமாக வீசும் நாட்களில் விளிம்பை நெருங்கக் கூடாது. இரண்டாவது வாசலில் டீன்ஸ்டன் பாதுகாப்பு நிலையத்தில் நுழைவுச்சீட்டுப் பெற்று, 1,575 மீற்றர் உயரமுள்ள தொத்தளுகலவுக்கு ஏறலாம். அத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான 1,906 மீற்றர் கொம்பானியவுக்கும், மீமுரேக்கு மேலே கூம்பாக நிற்கும் லக்கேகலவுக்கும் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகவே வேண்டாம். லக்கேகலவின் மேற்பகுதி நடக்கும் இடமன்று. கையால் பற்றி ஏறும் பாறை.

கிழக்கே, மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரானுக்கு மேற்கே காட்டு நடுவில் நிற்கும் 534 மீற்றர் குடும்பிமலை தமிழ்ப் பேச்சு வழங்கும் ஊர்களின் வழியாகவே சென்றடையக்கூடியது. அங்கே உயரத்தைவிட யானையும் வெயிலும் பெரிய விடயங்கள்.

பருவத்தைக் கணித்தல்

யாழ்ப்பாணத்தில் மழை என்றால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் என்று பழகிய மனம் மலையில் ஏமாறும். மே முதல் செப்டெம்பர் வரை நம் முற்றம் காய்ந்து கிடக்கும்போது, தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளை நனைத்துக்கொண்டிருக்கும். நக்கிள்ஸ் தொடர் குறுக்கே நிற்பதால் அதன் மேற்குப் புறம் அக்காலத்திலும், கிழக்குப் புறம் வடகீழ்ப் பருவத்திலும் மழை பெறுகின்றன. ஆகவே ரிட்டிகல, மணிகல, குடும்பிமலை ஆகியவற்றுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலத்தைத் தவிர்க்க வேண்டும். ஹோட்டன் சமவெளிக்கு ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை உகந்தது. அம்மாதங்களின் தெளிந்த இரவுகளில் அங்கே புல்லில் உறைபனி படியும். மார்ச், ஏப்பிரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமின்னலுடன் மழை வருவது வழக்கம். காலையில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அம்மாதங்களில் நண்பகலுக்குப் பின் திறந்த உச்சியில் நிற்பது ஆபத்தானது.

குளிரையும் கணித்துக்கொள்ளலாம். உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறைகிறது. யாழ்ப்பாணத்தில் 28 பாகையாக இருக்கும் நாளில் கிரிகல்பொத்தவில் அது 13 பாகைக்கு அருகில் இருக்கும். நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் உடல் நடுங்கத் தொடங்குவதற்கு அதுவே போதும். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது என்பதால், விளையாட்டு வீரர் அணியும் மெல்லிய செயற்கைத் துணிச் சட்டையும், மேலே ஒரு கம்பளிச் சட்டையும், முழு மழைக்கோட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

தட்டை நிலத்தில் பயிற்சி

மலை இல்லாத ஊரில் மலைக்குப் பழகுவதற்குக் குறைந்தது ஆறு வாரங்கள் வேண்டும். வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணல்மேடுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. முதுகுப்பையில் ஐந்தாறு லீற்றர் தண்ணீரைச் சுமந்தபடி விடியற்காலையில் அம்மேடுகளில் ஏறி இறங்கினால், கெண்டைக்காலும் கணுக்காலும் மலைத்தடத்துக்கு ஆயத்தமாகும். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். அங்கே போக வசதியில்லாதவர் மூன்று நான்கு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டைப் பயன்படுத்தலாம். படியில் ஏறுவதைவிட மெதுவாக இறங்குவதையே அதிகம் பழகுங்கள். இறக்கத்தில் உடற்பாரம் முழுவதையும் தொடைத் தசைகள் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதால், பயிலாத கால் ஏற்றத்தில் தாக்குப்பிடித்தாலும் இறக்கத்தில் நடுங்கும். வழுக்கி விழுதலும் கணுக்கால் பிரளுதலும் அப்போதுதான் நேர்கின்றன. புதுச் சப்பாத்தை இந்தப் பயிற்சியிலேயே அணிந்து இளக்கிவிடுங்கள்.

வரைபடமும் நேரக்கணக்கும்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத் தாள் எந்தச் செயலியையும்விட நம்பத்தக்கது. அதில் உயரக்கோடுகள் நெருங்கியிருக்கும் பக்கம் செங்குத்து. விலகியிருக்கும் பக்கம் சாய்வு. கோடுகள் உச்சியிலிருந்து வெளிநோக்கி நாக்கு நீட்டினாற்போல் வளையும் இடம் மலைமுதுகு, உட்குழிந்து வரும் இடம் பள்ளம். காட்டுத் தடங்கள் பெரும்பாலும் மலைமுதுகிலேயே செல்லும். கைத்தொலைபேசியில் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, மலையில் அதை விமான நிலையில் விட்டால் மின்கலம் நீடிக்கும். சமிக்ஞை இல்லாவிட்டாலும் செய்மதி வழியான இடங்காட்டல் வேலை செய்யும். புறப்படும் இடத்திலிருந்தே நடக்கும் தடத்தைப் பதிவு செய்யத் தொடங்குங்கள். ஆனாலும் அடர்ந்த மரமூட்டத்தின் கீழும் பாறைச் சுவரின் அருகிலும் அது பல மீற்றர் பிசகும் என்பதையும், செயலிகளில் தெரியும் மெல்லிய கோடுகளிற் சில மாடுகளோ மரைகளோ இட்ட தடங்களாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நேரத்தைக் கணிக்க நைஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892 இல் வகுத்த விதி இன்றும் உதவும். மணிக்கு ஐந்து கிலோமீற்றர் நடை, அதனுடன் ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலதிகமாக ஒரு மணி நேரம். நான்கு கிலோமீற்றர் தூரமும் 600 மீற்றர் ஏற்றமும் உள்ள தடத்துக்கு இது ஏறத்தாழ ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று காட்டும். அந்த விதி மரமற்ற குளிர்நாட்டு மலைகளுக்கு வகுக்கப்பட்டது. நம் காட்டில் வேரும் சேறும் முட்செடியும் இருப்பதால் அதை இரண்டால் பெருக்குங்கள். இறக்கத்துக்கும் ஏற்றத்துக்குச் சமமான நேரத்தை ஒதுக்குங்கள். மரங்களின் கீழே மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும் என்பதால், உச்சி எட்டினாலும் எட்டாவிட்டாலும் நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் திரும்புவது என்று புறப்படும் முன்பே எல்லோரும் உடன்பட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்று இதைத் தீர்மானிக்கப் போனால், எவரும் சரியாகத் தீர்மானிப்பதில்லை.

கடைசி வீட்டில் கேட்டல்

எந்த வரைபடமும் சொல்லாததை அடிவாரத்தின் கடைசி வீடு சொல்லும். மலையகத் தோட்டங்களில் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்வோருடன் தமிழிலேயே பேச முடிவது நமக்கு வாய்த்த பெரிய வசதி. கொழுந்தெடுக்கும் அம்மாவும் விறகுக்குப் போய்வரும் அண்ணனும் அந்தக் காட்டை எந்த அதிகாரியையும்விட நன்கு அறிவார்கள். சிங்களக் கிராமங்களில் கித்துள் சீவுவோரும், முன்னர் காட்டினுள் ஏலம் பயிரிட்ட குடும்பங்களைச் சேர்ந்த முதியவர்களும் அவ்வாறே. ‘மேலே போகலாமா?’ என்று கேட்டால் விருந்தினரின் மனம் நோகாதபடி ‘போகலாம்’ என்றே பதில் வரும். அதைவிட, ‘அண்ணே, கடைசியாக அங்கே போனது யார், எப்போது, எந்த வேலையாக?’ என்று கேளுங்கள். போன வாரம் ஒருவர் விறகுக்குப் போயிருந்தால் தடம் இருக்கிறது; நான்கு வருடத்துக்கு முன் யாரோ வெளியூர்ப் பெடியன்கள் போனார்கள் என்றால் தடம் மூடிவிட்டது. தண்ணீர் எந்த இடத்தோடு முடிகிறது, தடம் எங்கே இரண்டாகப் பிரிகிறது, யானையோ கரடியோ அண்மையில் தென்பட்டதா என்பவற்றையும் அங்கேயே அறிந்துகொள்ள வேண்டும். முடியுமானால் அவர்களுள் ஒருவரை அன்றைய கூலி பேசி உடன் அழைத்துச் செல்லுங்கள். பேரம் பேச வேண்டிய இடம் அதுவன்று.

தடத்தைத் திரும்பிப் பார்த்தல்

ஏறும்போது தடங்கள் ஒன்றுசேர்கின்றன. இறங்கும்போது அதே இடங்கள் பிரிவுகளாக எதிர்ப்படுகின்றன. ஏறும் ஒருவர் தம் தடத்தோடு பக்கத்துத் தடம் வந்து இணைவதைக் கவனிக்காமலே கடந்துவிடுவார். இறங்கும்போது இரண்டு தடங்களும் ஒரேபோல் தெரியும். மலையில் வழி தவறுவோரிற் பலர் இப்படியே தவறுகின்றனர். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பத்து நிமிடமும், தடம் திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, பின்பக்கம் திரும்பி, இறங்கி வருபவர் கண்ணால் அந்த இடத்தைப் பாருங்கள். கைத்தொலைபேசியில் அப்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிவுகளில் பளிச்சென்ற நிறத் துணிநாடாவைக் கண்மட்டத்தில் கட்டி, இறங்கும்போது கடைசியாக வருபவர் அவற்றை அவிழ்த்துக்கொண்டு வரட்டும். மரத்தில் கத்தியால் வெட்டி அடையாளம் இடுவது குற்றமும் ஆகும், மரத்துக்குக் கேடும் ஆகும். புல்வெளியிலிருந்து காட்டுக்குள் நுழையும் வாயையும், காட்டிலிருந்து உச்சிப் புல்மேட்டில் வெளிப்படும் வாயையும் தவறாமல் அடையாளப்படுத்துங்கள். மூடுபனி விழுந்தால் முதலில் மறைபவை அவைதான்.

குழுவில் நால்வர் முதல் அறுவர் வரை இருப்பது நன்று. ஒருவர் காயப்பட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, இருவர் உதவி தேடி இறங்கலாம். வேகம் குறைந்தவர் முன்னே நடக்க வேண்டும்.

வழி தவறிவிட்டதென்று ஐயம் தோன்றிய கணமே நின்றுவிடுங்கள். நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடத்துக்கு ஏறித் திரும்புவதே முதல் வழி. அலுப்பினால் பலர் அதைச் செய்யாமல் கீழ்நோக்கியே போவார்கள். ‘தண்ணீர் ஊருக்குத்தான் போகும்’ என்று ஓடையைப் பிடித்து இறங்கவே கூடாது. நக்கிள்ஸ் போன்ற மலைகளில் ஓடை முதலில் போய்ச் சேர்வது ஊருக்கன்று, அருவியின் விளிம்புக்கு. அங்கிருந்து மேலேறவும் முடியாமல் கீழிறங்கவும் முடியாமல் நிற்க நேரிடும். இருட்டிவிட்டால் நடக்க வேண்டாம். ஒன்றாக அமர்ந்து, உடலை உலர்வாக வைத்துக்கொண்டு, விசிலை மும்மூன்றாக ஊதுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119; இடர் முகாமைத்துவ நிலையம் 117; அம்பியூலன்ஸ் 1990. சமிக்ஞை பெரும்பாலும் மலைமுதுகில்தான் கிடைக்கும் என்பதால், போகும் வழியில் எங்கே கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பையில் வைப்பன, உடம்பில் ஏறுவன

உணவுக்கு வெளியூர்ப் பண்டம் எதுவும் தேவையில்லை. கச்சான், பனங்கட்டி, எள்ளுருண்டை, பனாட்டு ஆகியவை பாரம் குறைந்தவை, பழுதாகாதவை, நடந்துகொண்டே உண்ணத்தக்கவை. தேங்காய்ப்பூச் சேர்ந்த புட்டும் சொதியும் நண்பகலுக்குள் புளித்துவிடும். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும். ரிட்டிகலவிலும் குடும்பிமலையிலும் இன்னும் கூட. ஓடைத் தண்ணீரைக் குளோரின் மாத்திரை இட்டு உரிய நேரம் காத்திருந்தே குடிக்க வேண்டும். தலைவிளக்கு, விசில், மேலதிக மின்கலம், பத்துப் பதினைந்து மீற்றர் கயிறு, காயத்துக்கான துணி ஆகியவை, பகற்பயணம் என்று எண்ணினாலும், பையில் இருக்கட்டும். ஹோட்டன் சமவெளி வாயிலில் பொலித்தீன் பைகளை எடுத்துவிடுவார்கள் என்பதால் உணவை டப்பாவில் கொண்டு போங்கள்.

நிலத்து அட்டை நம்மூரவருக்குப் புதிது. நீள்காற்சட்டையை நீண்ட காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. கடித்ததை இழுத்துப் பிய்க்காமல், அதன் மெல்லிய முனைப் பக்கம் நகத்தை வைத்துத் தள்ளி விடுவிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு நிற்க நெடுநேரமாகும், அஞ்ச வேண்டியதில்லை. இரத்தம் இளக மருந்து எடுப்பவர் மட்டும் முன்னரே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. வறண்ட மாதங்களில் ரிட்டிகலப் பக்கம் அட்டைக்குப் பதிலாக உண்ணிகள் ஏறும். மாலையில் உடம்பு முழுவதையும் சோதித்துப் பாருங்கள்.

பாம்பை மிதிக்காமலிருக்கத் தடியால் சருகைத் தட்டி நடங்கள். பாறையில் கை வைக்குமுன் கண்ணால் பாருங்கள். சருகின் நிறத்திலேயே கிடக்கும் சிறிய குழிவிரியனின் நஞ்சுக்கு நம் மருத்துவமனைகளில் உள்ள எதிர்நஞ்சு பயன்படாது. எனினும் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால் மருத்துவமனைக்கே போக வேண்டும். எந்தப் பாம்பு தீண்டினாலும் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் வேண்டாம். மோதிரத்தைக் கழற்றி, அந்த உறுப்பை அசையாமல் வைத்து, அரச மருத்துவமனைக்கு விரைவதே சிகிச்சை. விஷக்கடிக்குப் பார்வை பார்ப்பவரைத் தேடி ஊருக்குத் தொலைபேசி எடுத்து நேரத்தைப் போக்க வேண்டாம். பாறைகளில் பெருந்தேனீக்களின் கூடு தொங்கும் இடத்தைப் பேசாமல், வாசனைத் திரவியம் பூசாமல், கடந்து செல்லுங்கள். யானை நடமாடும் ரிட்டிகல, குடும்பிமலை அடிவாரங்களில் காலை வெளிச்சம் நன்கு வந்த பின்னரே நடக்கத் தொடங்கி, நான்கு மணிக்கு முன் வீதிக்கு வந்துவிட வேண்டும்.

புறப்படும் முன்னர், யாழ்ப்பாணத்தில் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் மலையின் பெயர், ஏறும் கிராமம், உடன் வருவோரின் இலக்கங்கள், இறங்கி அழைப்பதாகச் சொன்ன நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். அந்த நேரம் கடந்து எத்தனை மணி நேரத்தின் பின் 119 ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். இறங்கியவுடன் கடைசி வீட்டாருக்கும், பதிவு செய்த அலுவலகத்துக்கும், வீட்டுக்கும் தகவல் சொல்லுங்கள். வாகனத்தை நீங்களே ஓட்டி வந்திருந்தால் அன்றிரவே ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப முயல வேண்டாம். மாத்தளையிலோ தம்புள்ளையிலோ தங்கி, மறுநாட் காலையில் புறப்படுங்கள்.